தலை நாலு, வால் நாலு

மார்ச் 4

அக்கா,

நேற்று போனில் நான் பேசியது எதையும் நம்பாதே. "நல்லா இருக்கேன்க்கா, ஏசி ரூம், மூணு வேளையும் சாப்பாடு" என்று நான் சொன்னபோது, பக்கத்தில் ஒருவன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு நம் பாஷை தெரியும். "ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று நீ கேட்டதும் நான் இருமினேனே, அது ஜலதோஷம் இல்லை.

நான் கிளம்பிய அன்று என் செருப்பை மட்டும் வாசலில் எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். அதற்கு முந்தைய நாள், "டைப் அடிக்கிறதுக்கு இவ்வளவு சம்பளம் எவன்டா குடுப்பான்?" என்று நீ கேட்டதற்கு உன்னைப் பட்டிக்காடு என்று சொல்லியிருந்தேன். பட்டிக்காடு யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

இங்கே சுற்றிலும் மதில், அதற்கு மேல் கம்பி. வந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். பெண் பேரில் முகம் தெரியாத ஆட்களிடம் ஆசையாகப் பேசி, ஒரு பொய்யான கிரிப்டோ கம்பெனியில் பணம் போட வைப்பதுதான் வேலை. எனக்கு அது வரவில்லை. ஒரு பெரியவர் தன் நாய் செத்துப்போனதைச் சொன்னார். நான் நிஜமாகவே ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன், பணம் கேட்க மறந்துபோனது. அதற்கு வாங்கிய அடியில் இடது கை இன்னும் மேலே தூக்க வரவில்லை. எழுதுவது வலது கை என்பதால் பிழைத்தேன்.

என்னை விடுவதற்கு ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். அதைக் கிரிப்டோவில்தான் அனுப்ப வேண்டுமாம், பேங்க் வழியாகப் போனால் ஆள் அகப்பட்டுவிடும் என்கிறார்கள். உனக்கே மெசேஜ் வரும். அனுப்பாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு அக்கா.

தண்ணீர் கேன் வண்டி ஓட்டுபவர் இதைத் தபாலில் போடுவார். கேட்டில் அவர் போனை நோண்டிப் பார்ப்பார்கள், அதனால் காகிதம் மட்டும்தான் எடுத்துப்போவார். பின்னால் இருப்பது அவர் வீட்டு முகவரி. அதற்கு எழுது.

தம்பி

மார்ச் 13

டேய்,

உன் கடிதத்தை லேபில் நின்றுகொண்டே படித்தேன். ரத்தம் எடுக்க வந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏதாவது பெரிய வியாதியாம்மா?" என்று பயந்துபோய்விட்டார்.

உன்னைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. வந்த பிறகு உட்கார வைத்துத் திட்டுகிறேன். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போலீஸுக்குப் போனோம். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். "வேற நாட்டு விஷயம், நாங்க மேல அனுப்பிடுவோம்" என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். "மேலம்மா" என்று ஏட்டு கையைத் தூக்கிக் காட்டினார். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

உன் மாமா சரக்கு வண்டியை விற்றுவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே போய் விற்றுவிட்டு வந்து, "டயர் எப்படியும் மாத்தணும், அந்தச் செலவு மிச்சம்" என்றார். வேறொருவர் வண்டியை இப்போது கூலிக்கு ஓட்டுகிறார். என் வளையல்களும் போயின. வளையல் இல்லாமல் கை லேசாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

லேபில் ரிப்போர்ட் அடிக்கிற பெண் என் செல்போனில் கிரிப்டோ அனுப்புகிற அந்த வாலட்டைப் போட்டுத் தந்தாள். எனக்கும் இதற்கும் ஏழாம் பொருத்தம்தான், ஆனாலும் கற்றுக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயில் இன்னொருத்தர் எண்ணை மாற்றி ஒட்டாதவள் நான். இதிலா ஏமாறுவேன்?

தூங்கு. கொடுத்ததைச் சாப்பிடு. முரண்டு பிடிக்காதே.

அக்கா

மார்ச் 22

அக்கா,

மாமா வண்டியை விற்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். சின்ன வயதில் அதன் ஹாரனை அடித்துவிட்டு ஓடுவேன், ஞாபகம் இருக்கிறதா?

இப்போது அடி இல்லை. மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஆசையாகப் பேச வேண்டாம், யாரோடும் பேசவே வேண்டாம். முதலில் அதுவே சொர்க்கம் மாதிரி இருந்தது.

இந்த வேலை இப்படி. கிரிப்டோவில் ஆள் பேர் கிடையாது. எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு முகவரி, அவ்வளவுதான். எந்த முகவரியிலிருந்து எதற்குப் போனது என்பதை உலகமே பார்க்கலாம், ஆள் யாரென்றுதான் தெரியாது. அவ்வளவு நீளத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. தலையையும் வாலையும் பார்ப்பார்கள். அதே தலையும் அதே வாலும் உள்ள வேறொரு முகவரியை இங்கே மிஷின் தேடித் தரும். நடு மட்டும் வேறு. அந்தப் போலி முகவரியிலிருந்து ஆளுக்குத் தூசி அளவு காசு அனுப்புவோம். அவருடைய போனில், பணம் போன வந்த பட்டியலில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை பட்டியலிலிருந்து முகவரியை எடுக்கும்போது எங்களுடையதை எடுத்துவிட்டால், பணம் இங்கே வந்துவிடும்.

முதல் வாரம் ஒன்றும் விழவில்லை. சூப்பர்வைசர் எப்போதும் சீட்டி அடித்துக்கொண்டே நடப்பவன், சீட்டியை நிறுத்தினாலே எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வோம். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிறுத்தினான். நான் பயத்தில் ஒரு யோசனை சொன்னேன். "ஜாக்கிரதையான ஆளுங்க முதல்ல கொஞ்சமா அனுப்பிப் பார்ப்பாங்க. போய்ச் சேர்ந்தா அப்புறம் மொத்தமா அனுப்புவாங்க. அப்படிக் கொஞ்சமா அனுப்பினவங்களை மட்டும் பார்த்துத் தூசி போடலாம்." அவன் என் தோளைத் தட்டினான், அடிபட்ட தோளை. அன்றிலிருந்து மேசைக்கு ஒரு மின்விசிறி வந்திருக்கிறது.

எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்காதே. குழம்பில் உப்புப் போட்டால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்காமல் நீ இறக்க மாட்டாயே, அதுதான் கண்முன் வந்தது.

தம்பி

மார்ச் 24

தம்பி,

உன் பதில் இன்னும் வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு நல்ல சேதி.

அவர்கள் முகவரி அனுப்பினார்கள். முதலில் கொஞ்சமாக அனுப்பிப் பார்த்தேன். "ஓகே, வந்தது, மீதி அனுப்பு" என்று பதில் போட்டான். பொத்தானை அழுத்துவதற்குள் இரண்டு தடவை போனைக் கீழே வைத்துவிட்டேன், ஆனாலும் போய்ச் சேர்ந்தது. மாமாவுக்கு வண்டிப் பணத்தில் மீதி வெள்ளிக்கிழமை வருகிறது. வந்ததும் மொத்தத்தையும் அனுப்பிவிடுவேன்.

அவன் அனுப்பும் மெசேஜ் படித்த கொஞ்ச நேரத்தில் தானாக அழிந்துபோகிறது. பரவாயில்லை. என் போன் பட்டியலில் முகவரி பதிந்திருக்கிறது, அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று ரிப்போர்ட் பெண் காட்டிக்கொடுத்தாள். லேபில் குழாய் எண்ணைச் சரிபார்க்கிற மாதிரியே முகவரியில் தலை நாலு, வால் நாலு பார்த்து அனுப்புவேன். வால் 4417. ராத்திரி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். "நாலுக்கு நாலு அக்கா" என்று என்னைக் கேலி செய்வாயே, அந்த அக்காதான் உன்னைக் கூட்டி வரப்போகிறாள்.

உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். மாமா உன் மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டார்.

அக்கா

மார்ச் 30

தம்பி,

வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். வரவில்லை என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? என் போனில் போய்விட்டது என்று காட்டுகிறது. ரிப்போர்ட் பெண்ணிடம் காட்டினேன், "போயிருக்குக்கா, ஆனா..." என்று நிறுத்திவிட்டாள்.

நேற்று உன்னைப் பேச வைத்தார்களே, "அக்கா, வெள்ளிக்கிழமையா அனுப்பினே? வெள்ளிக்கிழமையா?" என்று ஏன் அப்படிக் கத்தினாய்? போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை நான் உன் மாமாவிடம் சொல்லவில்லை.

திரும்ப அனுப்பச் சொல்கிறார்கள். வீட்டை அடகு வைத்து வாங்கலாம் என்று மாமா சொல்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எழுது.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா, பட்டியலிலிருந்து எடுக்காதே. எடுக்கவே எடுக்காதே. புதிதாகக் கேட்டு வாங்கு, காகிதத்தில் எழுதி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார், நடுவையும் பார். உன் 24ஆம் தேதிக் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நீ வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டதாகத்தான் போனில் சொன்னாய், தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். ஒருவேளை நீ தேதி மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை பாதிதான் அனுப்பியிருப்பாய்.

வெள்ளிக்கிழமை எங்கள் மாடியில் மணி அடித்தார்கள். பெரிதாக ஏதாவது விழுந்தால் அடிப்பார்கள். அது நீ இல்லை. உலகத்தில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், நீயாகத்தான் இருக்க வேண்டுமா?

தண்ணீர்க்காரர் கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 11

தம்பி,

உன் 22ஆம் தேதிக் கடிதமும் இந்தத் துண்டுக் காகிதமும் ஒரே நாளில் வந்தன. சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு போனை எடுத்துப் பட்டியலை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நான் முதலில் அனுப்பிய முகவரிக்கும் வெள்ளிக்கிழமை அனுப்பியதற்கும் தலை நாலும் ஒன்று, வால் நாலும் ஒன்று. நடுவில் எதுவுமே ஒன்றில்லை.

லேபில் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். க்யூ நீளமாக இருக்கும், முழு எண்ணையும் படித்தால் நேரமாகும், தலை நாலும் வால் நாலும் போதும் என்று சொல்லி எல்லோரையும் பழக்கியவள் நான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அந்தத் தூசியைப் போட்டது உன் மேசையா?

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

என் மேசைதான்.

வால் 4417. மிஷினில் நான்தான் அடித்தேன். அப்போது அது எனக்கு வெறும் வால். யாரோ ஒரு ஜாக்கிரதைக்காரர் கொஞ்சமாக அனுப்பிப் பார்த்திருக்கிறார் என்று பட்டியலில் குறித்துவைத்தேன். வெள்ளிக்கிழமை விழுந்ததும் சீட்டிக்காரன் மணி அடித்தான், எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இடது கை தூக்க வராததால் மேசையைத் தட்டினேன். அன்று எனக்கு இரண்டாவது தட்டு சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டேன் அக்கா. பசியாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

போனில் நீ வெள்ளிக்கிழமை என்று சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சீட்டிக்காரனிடம் போய் அழுதேன். "அந்தப் பணம் எங்க அக்காவோடது. என்னை விடறதுக்குத்தான் அனுப்பினாங்க. உங்களுக்கே வந்துடுச்சே, என்னை விட்டுடுங்க" என்றேன். அவன் சிரித்தான். "உன்னை விடற காசு கீழ் மாடிக் கணக்கு. இங்க விழுந்தது மேல் மாடிக் கணக்கு. உங்க அக்கா கீழ் மாடிக்கு இன்னும் தரலியே" என்றான். மாமாவின் வண்டி, உன் வளையல் எல்லாம் இதே கட்டடத்துக்குள் ஒரு மாடி தள்ளி வந்து சேர்ந்திருக்கின்றன. படியேறி வந்தால் எடுத்துக்கொள்ளலாம் போல அவ்வளவு பக்கத்தில்.

வீட்டை வைக்காதே. இங்கே பணம் கட்டியவன் எவனும் வெளியே போய் நான் பார்க்கவில்லை. வேறு கட்டடத்துக்கு விற்றுவிடுகிறார்கள். முதல் கடிதத்தில் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டேனே, அதை அழித்துவிட்டதாக வைத்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 29

உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ என்னைக் கொள்ளையடித்தது கூட இருக்கட்டும். தெரியாமல் செய்தாய். ஆனால் தெரியாதவர்கள் என்றால் பரவாயில்லையா? நான் இல்லாமல் வேறொருத்தியாக இருந்திருந்தால் மின்விசிறியில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா? உப்புப் பார்க்கிறவளைப் பார்த்துப் பார்த்துப் பிடிக்கச் சொன்னாயே, அவள் எவ்வளவு பயந்துபோய் அந்தக் கொஞ்சத்தை அனுப்பியிருப்பாள் என்று நினைத்தாயா? லேபில் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களில் யாரை என் தம்பி எடுத்திருப்பான் என்று தோன்றுகிறது. வேலை செய்ய முடியவில்லை.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "ரெண்டாவது தட்டு போட்டாங்களாமா? சரி, ஒரு வேளையாவது வயிறு நெறைஞ்சுதே" என்றார். அவர் நல்லவர். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

வீட்டை வைக்கவில்லை. வைக்காமல் இருக்க அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, நான்தான் பத்திரத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். உன் கடிதத்தை நம்பித்தான் செய்தேன். ஆனாலும் வீட்டைப் பிடித்துக்கொண்டு தம்பியை விட்டவள் என்றுதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

இன்னொருத்தி விழுந்தாள் என்று எனக்கு எழுதாதே. அதை மட்டும் என்னால் படிக்க முடியாது.

மே 9

அக்கா,

தம்பி என்று நீ எழுதாத கடிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மிஷின் நான் அடித்துக் கொடுக்கிற தலைக்கும் வாலுக்கும்தான் தேடித் தருகிறது. இப்போது வாலின் கடைசி எழுத்தை மாற்றி அடிக்கிறேன். ஏழு என்றால் ஒன்பது. தலை சரியாக இருக்கும், வாலில் மூன்று சரியாக இருக்கும், கடைசி மட்டும் தப்பு. நடுவைப் படிக்காவிட்டாலும் உன்னை மாதிரி நாலுக்கு நாலு பார்க்கிறவர்கள் கண்ணில் பட்டுவிடும். தூசி போன கணக்கு சரியாக இருக்கிறது, அதனால் இன்னும் யாருக்கும் சந்தேகம் இல்லை. மணிதான் அடிப்பதில்லை. சீட்டிக்காரன் என் நாற்காலிக்குப் பின்னால் அடிக்கடி சீட்டியை நிறுத்துகிறான். மின்விசிறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எப்படியும் அது கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

பயமாக இருக்கிறது அக்கா. உனக்கு எழுதும்போது மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர்க்காரரை மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு. இது கடைசிக் கடிதமாக இருக்கலாம். உன் வாலட் இன்னும் எங்கள் பட்டியலில்தான் இருக்கிறது, ஒரு முறை விழுந்தவரை இவர்கள் விடுவதில்லை. சில நாளைக்கு ஒரு முறை உனக்குத் தூசி வரும். அழித்துவிடாதே. வாலைப் பார். 4419 என்று இருந்தால் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறேன், நீ சொன்னபடி இருக்கிறேன்.

மாமாவிடம் சொல்.

தம்பி

ஜூன் 16

தம்பி,

மே மாதக் கடிதத்துக்கு இரண்டு பதில் போட்டேன். இரண்டும் திரும்பி வந்துவிட்டன. இது எங்கே போகும் என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் தூசி வந்தது. முதலில் வந்த அன்று லேபில் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தேன். 4419. குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். வீட்டுக்குப் போய் மாமாவிடம், "தம்பி வந்துட்டுப் போனான்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல், "இன்னைக்கு வந்தானா?" என்று கேட்பார். வராத நாளில் இருவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. வந்த நாளில், "திமிரு பிடிச்ச பய, இன்னும் ஒன்பதே போடுறான்" என்று சிரிப்பார். உன் மெத்தையை இன்னொரு முறை வெயிலில் போட்டார்.

லேபில் இப்போது முழு எண்ணையும் படிக்கிறேன், நடுவையும் சேர்த்து. வரிசையில் நிற்பவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். உன்மேல் கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் அந்த இரண்டு கடிதமும். நீ என் தம்பிதான்டா. எப்போதும் நீதான்.

போன வாரம் முழுக்க ஒன்றும் வரவில்லை. தபால் மாதிரி இதிலும் தாமதம் இருக்கும் என்று மாமா சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

இன்று காலை ஒன்று வந்தது. தலை நாலும் சரியாக இருந்தது. வாலைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன். ரிப்போர்ட் பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னேன். நாலு, நாலு, ஒன்று, ஏழு என்று படித்தாள். "எல்லாம் கரெக்டா இருக்குக்கா, ஒரு தப்பும் இல்ல" என்றாள்.

உன் மாமா வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வந்தானா?" என்று கேட்டார். இன்னும் போனைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா